பேரலையின் ‘அசல்’ பார்க்க ஸ்பெஷல் டிக்கெட் வேண்டுமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு டோக்கியோ போகிறோம். ஓவியம் படிக்கும் என் மகள், ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் புகழ்பெற்ற அலைப் படமான ‘பேரலை’யைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். அவருக்கென்றே உள்ள அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் நகல் என்கிறார் நண்பர். டூர் ஏஜென்ட்டோ அசலைக் காட்டும் ஸ்பெஷல் டிக்கெட் என்று தலைக்கு 6,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஒரு டிக்கெட்டே கிடையாது.

நண்பர் சொல்வது பாதி சரி. ரியோகொகு ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகக்கூடிய சுமிதா ஹொகுசாய் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடத்தில் பெரும்பாலும் உயர்தர நகல்கள்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தக் காலத்துச் சாயங்கள் பல, வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். பேரலையின் வானத்தில் இருந்த இளஞ்சிவப்பு, மிஞ்சிய பிரதிகள் பலவற்றில் காணாமலே போய்விட்டது. அதனால் அசல்களை இருட்டில் வைத்து, சிறப்புக் கண்காட்சிகளில் சில வாரங்கள் மட்டும் வெளியே எடுக்கிறார்கள்.

‘அசல்’ என்றாலும் ஒன்றே ஒன்று அல்ல. 1831 வாக்கில் மரப்பலகையில் செதுக்கி, சாயம் தடவி, ஆயிரக்கணக்கில் ஒற்றி எடுத்து விற்ற படம் அது. காலண்டர் படம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியவை லண்டன், நியூயார்க் என்று பல இடங்களில் இருக்கின்றன. இந்த அருங்காட்சியகத்திலும் ஒன்று உண்டு. அளவு சுமார் 25 செ.மீ.க்கு 37 செ.மீ.தான். சுவர் முழுக்க அலை இருக்கும் என்று மகள் நினைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் போகும் தேதிகளில் என்ன சிறப்புக் கண்காட்சி, அதில் பேரலை உண்டா என்று அருங்காட்சியகத்தின் தளத்திலேயே பாருங்கள். ஒரே கண்காட்சியை முன்பாதி, பின்பாதி என்று பிரித்து நடுவில் படங்களை மாற்றுவதும் உண்டு, கவனம். சிறப்புக் கண்காட்சி டிக்கெட் வாங்கினால் அன்றைக்கு நிரந்தரக் கூடத்தையும் அதிலேயே பார்க்கலாம். இதைத்தான் சில ஏஜென்ட்டுகள் இரண்டு டிக்கெட்டாக்கி ‘காம்போ’ என்று விற்கிறார்கள். நிரந்தரக் கூடம் மட்டும் போதும் என்றால் 400 யென். 2024-ல் வந்த புது 1,000 யென் நோட்டின் பின்பக்கத்தில் பேரலைதான் அச்சடித்திருக்கிறார்கள். அதை நீட்டினால் மீதிச் சில்லறையும் வரும்.

அப்புறம் விடுமுறை. திங்கட்கிழமை மூடியிருக்கும், ஆனால் அந்தத் திங்கள் அரசு விடுமுறை என்றால் திறந்திருக்கும்; பதிலுக்கு மறுநாள் மூடுவார்கள். அபூர்வம் என்று நினைக்காதீர்கள். ஜனவரி இரண்டாம் திங்கள், ஜூலை மூன்றாம் திங்கள், செப்டம்பர் மூன்றாம் திங்கள், அக்டோபர் இரண்டாம் திங்கள் என்று நான்கு விடுமுறைகளைச் சட்டம் போட்டே திங்களுக்கு நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அதற்கு ‘மகிழ்ச்சித் திங்கள்’ என்று பெயர் வேறு. செவ்வாய் காலை பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பவருக்கு என்ன மகிழ்ச்சியோ! இது போதாதென்று, ஞாயிறில் விழும் விடுமுறைக்கு ஈடாகத் திங்களும் விடுமுறை. ஆகவே உங்கள் பயணத்தில் வரும் திங்களை ஜப்பானிய விடுமுறைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். திங்கள், செவ்வாய் இரண்டையும் தவிர்த்துவிட்டால் பெரும்பாலும் தொல்லையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாப் பயணிகள் குவியும் கடைகளில் ‘200 வருஷத்துப் பழைய அச்சு’ என்று ஃபிரேம் போட்டு நீட்டுவார்கள். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு. புள்ளி இல்லை என்பதாலேயே பழையது ஆகிவிடாது. இன்றைக்கும் பலகை செதுக்கிக் கையால் ஒற்றுகிறார்கள். அழகாகவே இருக்கும், புதுசு என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம். பழையது என்றால் ரசீதில் பதிப்பகமும் ஆண்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். 2023-ல் நியூயார்க் ஏலத்தில் பேரலையின் பழைய பிரதி ஒன்று 27 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதையே உங்களுக்கு 30,000 யென்னுக்குக் கொடுக்க அந்தக் கடைக்காரருக்கு என்ன வேண்டுதலா?