ரோபோவுக்கு 10, மைத்துனருக்கு 28

கேள்வி: வயது 46. வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். இதயத்தின் மிட்ரல் வால்வில் கடுமையான கசிவு. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைக்குக் காப்பீடு போதும். ரோபோ உதவியுடன் செய்தால் காப்பீட்டில் தனி உச்சவரம்பு இருப்பதால், என் மூன்று மாத வருமானத்தைக் கையிலிருந்து போட வேண்டும். ஏற்கெனவே வருமானத்தில் 48 சதவீதம் தவணைக்குப் போகிறது. அதில் 28, மைத்துனர் தொழிலுக்காக என் பெயரில் வாங்கிய கடன். அவர் இப்போது டாப்-அப் (அதே கடன்மேல் கூடுதல் கடன்) கேட்கிறார். இந்த நிலையில் ரோபோ அறுவை ஆடம்பரமா?

பதில்: ஆடம்பரம் இல்லை. உங்கள் தொழிலுக்கு அதில் உண்மையான பலன் இருக்கிறது. நெஞ்செலும்பைப் பிளந்தால் அது மீண்டும் ஒன்றுசேரவே ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். இரும்பு தூக்கும் வேலைக்கு மூன்று மாதம் என்று வையுங்கள். ரோபோ முறையில் விலா எலும்புகளுக்கு இடையே சிறு துளைகள்தான். கருவியை இயக்குவதும் மருத்துவரின் கைகளே. ரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம்.

மாத வருமானம் 100 என்போம். மூன்று மாதம் பட்டறையை மூடினால் 300 போச்சு. ரோபோ முறையால் ஒன்றரை மாதத்தில் திறந்தால் 150 மிச்சம். ஆக, கூடுதல் செலவான 300-இல் பாதி திரும்பி வருகிறது. முழு 300-ஐயும் 15 சதவீத வட்டியில் மூன்று வருடக் கடனாக வாங்கினாலும் மாதத் தவணை சுமார் 10தான்.

இந்தப் 10-ஐ நினைத்துத் தூக்கம் கெடுகிறீர்கள். மாதாமாதம் போகும் 28-ஐப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரி! உங்களை அழுத்துவது அந்தக் கையெழுத்துதான். டாப்-அப் கிடையாது என்று இன்றே சொல்லிவிடுங்கள். அறுவைக்குப் பிறகு வருமானம் நிற்கும் மாதங்களில் அந்தத் தவணையை அவரே கட்டட்டும். சொல்லத் தயக்கமாக இருந்தால் உங்கள் மனைவி சொல்லட்டும். மைத்துனர் கட்டாமல் போனாலும் வங்கி உங்களைத்தான் தேடி வரும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவமனையில் 'வட்டியில்லாத் தவணை' அட்டை நீட்டினால், செயல்பாட்டுக் கட்டணத்தையும் தாமத அபராதத்தையும் படிக்காமல் வாங்க வேண்டாம். வட்டி பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ரோபோவைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வால்வைச் சரிசெய்யப் போகிறார்களா, மாற்றப் போகிறார்களா? உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அதுவும் ஒரு தவணைதான், முடிவே இல்லாதது. ரோபோவில் மாற்றுகிறேன் என்பவரைவிட, நெஞ்சைத் திறந்தாவது சரிசெய்கிறேன் என்பவரை நான் தேர்ந்தெடுப்பேன். அந்த மருத்துவர் இதுவரை எத்தனை பேருக்கு ரோபோவில் செய்திருக்கிறார் என்று கேளுங்கள். எல்லோருடைய உடலுக்கும் இந்த முறை ஒத்துவராது. பாதியில் நெஞ்சைத் திறக்க நேர்ந்தால் செலவு எவ்வளவு ஆகும் என்பதையும் மதிப்பீட்டில் எழுதி வாங்குங்கள்.

மருத்துவர் சொன்ன தேதியைக் கடனுக்காகத் தள்ள வேண்டாம். மைத்துனரிடம் பேசுவது அதற்கு முன்பே முடியட்டும்.