கேர்டேக்கர் போதுமா, நர்ஸ் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பக்கவாதத்தில் வலது கை, கால் செயலிழந்துவிட்டன. மூக்கு டியூப், யூரின் டியூப் இரண்டோடும் இந்த வாரம் டிஸ்சார்ஜ். பகலில் 68 வயது அம்மா மட்டும்தான் வீட்டில் இருப்பார். நானும் தம்பியும் மாலையில்தான் திரும்புவோம். 24 மணி நேர நர்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்கிறது ஏஜென்சி. தேவையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: டியூப் இருக்கிறது என்பதற்காக மட்டும் 24 மணி நேர நர்ஸ் தேவையில்லை. ஆனால் அம்மா ஒருவரால் சமாளிக்கவும் முடியாது. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு நாளில் அப்பாவுக்குச் செய்ய வேண்டிய வேலைகளை மணிவாரியாக எழுதிப் பாருங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். ஏர் பெட் வாங்கினாலும் புரட்டுவதை விட முடியாது. பின்னிடுப்பு, குதிகால் இரண்டையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அங்கே தேய்த்துவிடக் கூடாது. புரட்டுவது, உடம்பு துடைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் கேர்டேக்கர் வேலை. பகல் 12 மணி நேரத்துக்கு ஒருவரை வையுங்கள். இரவை நீங்களும் தம்பியும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அம்மா தூங்க வேண்டும்.

டியூபில் உணவு கொடுப்பதை வீட்டார் கற்றுக்கொள்ளலாம். டிஸ்சார்ஜுக்கு முன் வார்டு நர்ஸ் பக்கத்தில் நிற்க, உங்கள் கையாலேயே இரண்டு மூன்று வேளை கொடுத்துப் பழகுங்கள். ஒவ்வொரு வேளையும் மூக்கருகே டியூபில் உள்ள குறி பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, கொடுத்து முடித்த பின்னும் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். படுக்க வைத்துக் கொடுத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்துங்கள். டியூப் கழன்று வந்துவிட்டால் யாரும் திரும்பச் செருகக் கூடாது, கேர்டேக்கரும்தான். அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக் கூடாது. சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பினாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்கள். இரண்டு டியூபையும் மாற்றுவதற்கு நர்ஸ் வந்து போனால் போதும். மிச்சமாகும் பணத்தை பிசியோதெரபிக்குச் செலவிடுங்கள். கை கால் மீள்வதற்கு முதல் சில மாதங்கள் மிக முக்கியம்.

கழுத்தில் துளையிட்டு டியூப் வைத்து அடிக்கடி சளி உறிஞ்ச வேண்டியவர், வென்டிலேட்டரில் இருப்பவர் என்றால் கதை வேறு. எந்த நிமிடமும் அடைப்பு வரலாம் என்பதால் அங்கே முழுநேர நர்ஸ் கட்டாயம்.

ஏஜென்சி அனுப்புகிறவர் வெள்ளை கோட் போட்டிருந்தாலே நர்ஸ் ஆகிவிட மாட்டார். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். லீவு போட்டால் மாற்று ஆள் எப்போது வருவார், பாதியில் நிறுத்தினால் அட்வான்ஸ் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விசாரியுங்கள்: 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து இலவசமாகத் தருகிறார்கள்.

கேள்வி: கேர்டேக்கர் செலவை மெடிக்கல் இன்ஷூரன்ஸில் வாங்க முடியுமா?

பதில்: பொதுவாக முடியாது. பாலிசியில் 'டொமிசிலியரி' என்று இருப்பது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோயாளியை நகர்த்த முடியாமலோ படுக்கை கிடைக்காமலோ வீட்டில் வைத்துச் செய்யும் மருத்துவச் சிகிச்சைக்கானது. குளிப்பாட்டவும் புரட்டவும் வைக்கும் ஆளின் சம்பளம் அதில் சேராது.