காணொளி வெளியிட்ட பிறகு நாய்த் தட்டின் வடிவத்தைப் பதிவு செய்ய முடியுமா?

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார், தட்டில் போட்ட தீனியை ஒரு நிமிடத்துக்குள் அள்ளி விழுங்கிவிட்டுப் பாதி நாட்கள் அதை அப்படியே கக்கிவிடும். அதற்காகச் சிக்குக் கோலத்தின் வளைவுகளை அடிப்பகுதியில் மேடாக எழுப்பி ஒரு பீங்கான் தட்டை வடிவமைத்தேன். வளைவுகளுக்கு இடையே நாக்கை விட்டுத் தேடித் தேடித் தின்பதால், இப்போது எட்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. விருத்தாசலத்தில் ஒரு பட்டறையில் 40 தட்டுகள் செய்து வாங்கினேன். நான்கு மாதங்களுக்கு முன் இன்ஸ்டாகிராமில் காணொளி போட்டேன். கோவையில் ஒரு செல்லப்பிராணிக் கண்காட்சியில் 12 தட்டுகள் விற்றன. இப்போது ஒருவர் ‘உலக பேட்டன்ட்’ வாங்கித் தருவதாகச் சொல்லி 85,000 ரூபாய் கேட்கிறார். காணொளியை நீக்கிவிட்டால் சிக்கல் இல்லை என்கிறார். பணம் கட்டலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: கட்ட வேண்டாம். அவர் சொன்ன இரண்டுமே தவறு. தொகையைக் குறைத்துக் கொடுத்தாலும் தவறு தவறுதான்.

முதலில் ‘உலக பேட்டன்ட்’. அப்படி ஒன்று எந்த நாட்டிலும் கிடையாது. நாடுகளுக்கிடையே காப்புரிமை (அதுதான் பேட்டன்ட்) ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. இந்தியா அதில் 1998 டிசம்பரில் சேர்ந்தது. அதன்கீழ் ஒரு விண்ணப்பம் போட்டால், முதல் விண்ணப்ப நாளிலிருந்து பெரும்பாலான நாடுகளில் 30 அல்லது 31 மாதங்கள் வரை, எந்தெந்த நாட்டுக்குள் நுழைவது என்று யோசிக்க அவகாசம் கிடைக்கும். அவகாசம் முடிந்ததும் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகக் கட்டணம் கட்டி, தனித்தனியாகப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். இந்த அவகாசத்தைத்தான் தரகர்கள் உரிமை என்று விற்கிறார்கள். விண்ணப்ப எண் அச்சிட்ட ஒரு தாளை ஃபிரேம் போட்டுக் கொடுத்துவிட்டு, அதைச் சான்றிதழ் என்று நம்பவைத்த கதைகளை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தியாவில் தனிநபர் ஒருவர் இணையவழியில் பேட்டன்ட் விண்ணப்பம் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்; பரிசோதனை கேட்க 4,000 ரூபாய். வடிவமைப்பைப் பதிவு செய்ய விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். மீதமெல்லாம் எழுதித் தருபவரின் கூலி. பேட்டன்ட் விவரணை எழுதுவது எளிய வேலை அல்ல. அதற்கு நியாயமான கூலி கேட்பதில் குற்றமும் இல்லை. ஆனால் அந்தக் கூலியை வாங்குபவர், பேட்டன்ட் முகவராகத் தேர்வு எழுதித் தேறி அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறியவராகவோ, வடிவமைப்பு விண்ணப்பமாக இருந்தால் வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். முகவர் என்று சொல்லிக்கொள்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். எண்ணைக் கேட்டதும் ‘நாங்கள் கன்சல்டன்சி, எங்களுக்குக் கீழே முகவர்கள் இருக்கிறார்கள்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அரசுக் கட்டண ரசீதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அந்த இடத்தில் தரகரின் மைத்துனர் பெயர் இருந்த ஒரு விண்ணப்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அதை மீட்டெடுக்க ஆன செலவில் அந்தக் குடும்பம் இன்னொரு தொழிலே தொடங்கியிருக்கலாம். விண்ணப்பம் போட்டுச் சில மாதங்களில், அரசு முத்திரை போலத் தோன்றும் முத்திரையுடன் ‘சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்கக் கட்டணம் செலுத்துக’ என்று தபாலோ மின்னஞ்சலோ வரும். அதையும் கிழித்துப் போடுங்கள்.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். உங்கள் தட்டுக்குப் பொருத்தமானது பேட்டன்ட் அல்ல, வடிவமைப்புப் பதிவு. வேகமாகத் தின்னும் நாயைத் தாமதப்படுத்தத் தட்டுக்குள் மேடுகளும் தடுப்புகளும் வைப்பது பல ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கும் யோசனை; நடுவே மூன்று முண்டுகள் நிற்கும் தட்டு முதல் புதிர்ப்பாதை போல வளைந்து செல்லும் தட்டு வரை கடைகளில் கிடைக்கின்றன. எனவே அந்த யோசனையை இனி யாரும் தனக்கென்று வேலி போட முடியாது. ஆனால் உங்கள் தட்டின் தோற்றம் வேறு. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம், ஒரு பொருளின் வடிவம், உருவ அமைப்பு, கோலம், அலங்காரம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து மட்டுமே மதிப்பிட்டுப் பாதுகாக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பது அந்தச் சட்டத்துக்கு வெளியே.

‘கோலம் நம் பாட்டி காலத்தது, அதற்கு எப்படிப் பதிவு?’ என்று உங்களை யாரேனும் பயமுறுத்தியிருக்கலாம். பயப்பட வேண்டாம். தன்னளவில் பழையதாக இருந்தாலும் பயன்படுத்தப்படும் பொருளில் புதிதாக இருந்தால் அதையும் மூலவடிவமாகச் சட்டம் ஏற்கிறது. 2008இல் கண்ணாடித் தகடுகள் தொடர்பான பாரத் கிளாஸ் டியூப் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த வழியில்தான் சென்றது. அந்த வழக்கில், தகட்டில் கோலத்தைப் பதிக்கும் உருளைகளை ஒரு ஜெர்மன் நிறுவனம் முன்பே செய்திருந்தது. ஆனால் அந்தக் கோலம் கண்ணாடித் தகட்டில் பதிந்து முன்பே வெளியானதற்குச் சான்று இல்லாததால் பதிவு நிலைத்தது. வாசலில் போட்ட கோலமும் நாய்த் தட்டின் அடியில் மேடாக எழும் கோலமும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல.

சிக்கல் உங்கள் காணொளியில்தான் இருக்கிறது. விண்ணப்ப நாளுக்கு முன், இந்தியாவிலோ வேறு எந்த நாட்டிலோ, எந்த வகையிலேனும் பொதுமக்களுக்கு வெளிப்பட்ட வடிவமைப்பைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது 4ஆவது பிரிவு. வெளிப்படுத்தியவர் நீங்களே என்பது சமாதானம் ஆகாது. காணொளியை இன்று நீக்கினாலும் நான்கு மாதங்களாக மக்கள் அதைப் பார்த்த உண்மை நீங்காது. அதைவிட மோசமான விஷயம், இப்போது விண்ணப்பித்தாலும் பதிவு கிடைத்துவிடக் கூடும் என்பது. பரிசோதகர் இன்ஸ்டாகிராம் பக்கங்களையெல்லாம் தேடிக்கொண்டிருக்க மாட்டார். கையில் சான்றிதழ் வரும். தரகரும் வெற்றி என்று இனிப்பு அனுப்புவார். ஒருநாள் நீங்கள் ஒரு நகல்காரர்மீது வழக்குத் தொடுத்தால், அவருடைய வக்கீல் முதலில் தேடி எடுப்பது உங்கள் காணொளியைத்தான்; நீங்கள் நீக்கியிருந்தாலும் அதை யாரோ சேமித்து வைத்திருப்பார்கள். 19ஆவது பிரிவின்கீழ் பதிவு ரத்தாகும். வாங்கிய 12 பேரும் சாட்சிகள்.

‘கண்காட்சியில் வைத்ததற்கு விதிவிலக்கு இருக்கிறதாமே’ என்று அந்த நபர் சொல்லியிருப்பார். இருக்கிறது, 21ஆவது பிரிவு. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் தரகர்கள் அதிகமாகத் திரித்துச் சொல்லும் பிரிவு இதுதான். கண்காட்சியில் வைத்ததால் மட்டும் பதிவுரிமை போகாமல் இருக்க மூன்று நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். அந்தக் கண்காட்சிக்கு இந்தப் பிரிவு பொருந்தும் என்று மத்திய அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே, குறிப்பிட்ட படிவத்தில், வடிவமைப்புப் பதிவைக் கவனிக்கும் அதிகாரியான கட்டுப்பாட்டாளருக்கு நீங்கள் அறிவித்திருக்க வேண்டும். முதன்முதலாக வைத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். நீங்கள் இன்னும் ஆறு மாதத்துக்குள்தான் இருக்கலாம். ஆனால் முன்கூட்டி அறிவிக்கவில்லை. கோவையில் யாரோ ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்திய செல்லப்பிராணிக் கண்காட்சிக்காக அரசிதழில் அறிவிப்பு வந்திருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. காணொளியோ கண்காட்சியோடு சம்பந்தமே இல்லாமல் உங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து போடப்பட்டது. எனவே இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. என்னைக் கேட்டால், ஒரு கைத்தொழிலாளி கண்காட்சியில் கடை போடும் முன் அரசிதழைப் புரட்டிப் பார்த்து, படிவம் நிரப்பி அனுப்பிவிட்டு வருவார் என்று நினைத்து இந்தப் பிரிவை எழுதியவர்கள் எந்தக் கண்காட்சியிலும் கடை போட்டிருக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் வடிவமைத்தவரே வெளியிட்டிருந்தால் 12 மாத அவகாசம் தருகிறார்கள். நம் சட்டத்தில் அந்தப் பெருந்தன்மை இல்லை. (ஏற்றுமதி எண்ணம் இருந்தால் அந்த 12 மாதங்களில் இன்னும் எட்டு உங்களுக்கு மிச்சமிருக்கிறது. ஆனால் அந்தச் செலவை ஏற்றுமதி ஆணை கையில் வந்த பிறகு யோசியுங்கள்.)

விருத்தாசலம் பட்டறைக்காரருக்குக் காட்டியது பற்றிக் கவலை வேண்டாம். நம்பிக்கையின் பேரில் ஒருவருக்குக் காட்டுவது வெளியீடு ஆகாது. அடுத்த முறை ஒரு வெள்ளைத்தாளில் ‘இந்த வடிவத்தை யாருக்கும் காட்டமாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்த முதல் தட்டைப் பதிவைப் பொறுத்தவரை மறந்துவிடுங்கள். அடுத்த தட்டை உருவாக்குங்கள். அதைப் பதிவு செய்யுங்கள். ஆனால் நிறத்தை மாற்றுவதோ ஓர் அங்குலம் அகலப்படுத்துவதோ போதாது. முன்பு தெரிந்த வடிவங்களிலிருந்து கணிசமாக வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பது சட்டம். அந்த ‘முன்பு தெரிந்த வடிவங்களில்’ உங்கள் முதல் தட்டும் இப்போது சேர்ந்துவிட்டது. உங்கள் படைப்போடு நீங்களே போட்டி போடுகிறீர்கள். வளைவுகள் அடியில் நிற்காமல் சுவரில் ஏறி விளிம்பைத் தொடுவது, வட்டத்தை விட்டு நீள்வட்டத்துக்குப் போவது, புள்ளிகளின் வரிசையையே மாற்றி வேறு கோலம் எழுப்புவது என்று பார்வையிலேயே தெரியும் மாற்றமாக இருக்கட்டும். உங்கள் நாய்க்கு எது வசதி என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். பக் போன்ற தட்டை மூக்கு நாய்க்கு உயரமான மேடு சித்திரவதை. இன்னொன்று: தட்டு மாறிய பிறகும் கக்குவது நிற்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள், அது என் துறை அல்ல.

விண்ணப்பத்தில் மேலிருந்து, கீழிருந்து, நான்கு பக்கங்களிலிருந்து, சாய்வாக ஒன்று என்று தெளிவான படங்கள் வேண்டும். தீனி போட்ட படம், நாய் தின்னும் படம், கடைப்பெயர் தெரியும் படம் ஆகியவை வேண்டாம். வடிவமைப்புகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பன்னாட்டு லொகார்னோ வகைப்பாட்டில் இது 30-03, அதாவது விலங்குகளுக்கான தீனி, தண்ணீர்க் கலன்கள்; சமையலறைப் பாத்திர வகுப்பில் கொண்டு போட்டுவிடும் அவசரக்காரர்கள் உண்டு. புதுமை வடிவத்திலும் மேற்பரப்பின் அமைப்பிலும் இருக்கிறது என்று எழுத வேண்டும். ‘நாய் மெதுவாகத் தின்னும்’ என்று அங்கே எழுதுபவருக்கு இந்தச் சட்டம் தெரியாது என்று பொருள். விண்ணப்பத்தைச் சென்னை பேட்டன்ட் அலுவலகத்திலேயே கொடுக்கலாம், இணையத்திலும் கொடுக்கலாம். முடிவு எடுப்பது கொல்கத்தா அலுவலகம். பதிவு 10 ஆண்டுகள் நிற்கும். அதற்குள் கேட்டால் மேலும் 5 ஆண்டுகள். பதிவு எண் அல்ல, விண்ணப்பம் பதிவான நாள்தான் முக்கியம். அந்த நாளின் ரசீது கையில் வரும்வரை புதுத் தட்டின் படத்தை வாட்ஸ்அப் நிலைத்தகவலில்கூட வைக்காதீர்கள்.

பதிவு கிடைத்த பிறகும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வேறு கோலத்தில் மேடு எழுப்புபவரை உங்களால் தடுக்க முடியாது. அச்சு அசலாக நகலெடுப்பவர்மீது வழக்குப் போடலாம். ஆனால் அது மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே கூடாது, எதிராளி ‘இந்தப் பதிவே செல்லாது’ என்று ஒரு வரி எழுதினால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். நட்டத்தை நிரூபிக்காமல் கேட்கக்கூடிய தொகையாக 2000ஆம் ஆண்டில் எழுதியது ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய், ஒரு வடிவமைப்புக்கு மொத்தமே 50,000 ரூபாய். பீங்கான் தட்டு செய்யும் ஒருவர் அந்த 50,000 ரூபாய்க்காக உயர் நீதிமன்றப் படி ஏறி இறங்க எவ்வளவு செலவழிப்பார் என்று சட்டம் இயற்றியவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. நடைமுறையில் பதிவின் பலன் வேறு: இணைய விற்பனைத் தளங்களில் நகல் பட்டியல்களை நீக்கச் சொல்லிக் கேட்கும்போது பதிவு எண் கையில் இருந்தால் நம் பேச்சுக்கு எடை உண்டு.

தட்டுக்கு ஒரு நல்ல பெயர் வைத்து அதை வணிகக் குறியாகப் பதிவு செய்யுங்கள். தனிநபருக்கு இணையவழியில் 4,500 ரூபாய்; வணிகக் குறிகளுக்கான வகைப்பாட்டில் இது 21ஆவது வகுப்பு. முன்பே வெளியிட்டது அங்கே குற்றமல்ல, சாதகம்; உங்கள் காணொளியே அந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பதற்குச் சான்றாகும், அதில் பெயர் தெரிந்திருந்தால். எனவே அந்தக் காணொளியை நீக்க வேண்டாம்.

மீதமிருக்கும் 28 தட்டுகளைத் தாராளமாக விற்றுத் தீர்த்துவிடுங்கள். அவற்றால் இனி இழக்க எதுவும் இல்லை. அவற்றின் அடியில் ‘பேட்டன்ட் பெற்றது’ என்றோ ‘பேட்டன்ட் விண்ணப்பிக்கப்பட்டது’ என்றோ அந்த நபர் ஒட்டச் சொன்னால் மட்டும் ஒட்டாதீர்கள். விண்ணப்பமே இல்லாத பொருளை அப்படிச் சொல்லி விற்பதற்கான தண்டத்தொகை 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 10 லட்சம் ரூபாய் வரை போகும், அதைக் கட்டப்போவது விற்கிற நீங்கள்தான், அவர் அல்ல.