சலுகை கார்டா, சாதாரணக் கணக்கா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு ஆகியவற்றால் வீட்டுச் செலவில் மிச்சம் பிடிக்க முடியுமா என்று கேட்டு வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது. பதில் எழுதுபவர் பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

என் கணவர் மணலியில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார். மாதச் சம்பளம் 40,000 ரூபாய். இணையத்தில் வாங்கும் பொருள்களுக்கு 5 விழுக்காடும் கடைகளில் 1 விழுக்காடும் பணம் திரும்பக் கிடைக்கும் கார்டு ஒன்றை, ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய்க்குத் தருவதாக ஒரு வங்கியினர் தொடர்ந்து அழைக்கிறார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் செலவழித்தால் அந்தக் கட்டணமும் கிடையாதாம். இன்னொரு வங்கியின் கார்டுக்கு ஆயுள் முழுவதும் கட்டணம் இல்லை. ஆனால் இணையத்தில் 3 விழுக்காடு, கடைகளில் 1 விழுக்காடுதான். எங்கள் செலவுப் பட்டியலை இணைத்துள்ளேன். எது லாபம்?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

செலவுப் பட்டியலை நீங்களே எழுதி அனுப்பியதால் என் வேலையில் பாதி முடிந்துவிட்டது, சகோதரி. பெரும்பாலானோர் கார்டின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் தங்கள் செலவைப் பார்க்கிறார்கள். உங்கள் பட்டியலின்படி வாடகை 10,000, மீன், காய்கறி, பால் 6,500, மளிகை 5,500, பள்ளிக் கட்டணமும் வேனும் 4,000, பெட்ரோல் 2,500, மின்சாரம், கைப்பேசி, இணைய இணைப்பு ஆகியவை 2,000, இணையத்தில் வாங்குபவை 2,500 ஆக மொத்தம் மாதம் 33,000 ரூபாய் ஆகிறது.

இந்த 33,000 ரூபாயில் கார்டு தொடக்கூடியது எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. வீட்டு உரிமையாளர் வாடகையைக் கையில் வாங்குகிறார். மீன்காரம்மாவிடமும் தள்ளுவண்டியிலும் ரொக்கம் அல்லது ஜி-பே மட்டுமே செல்லும். பள்ளியும் வேனும் அப்படியே. மளிகையிலும் அண்ணாச்சி கடைக் கணக்கைக் கழித்தால், சூப்பர் மார்க்கெட்டில் நீங்கள் வாங்குவது 3,000 ரூபாய்க்குத்தான். பெட்ரோலுக்கு, சொல்லப்போனால் எரிபொருளுக்கென்றே தனியாக வந்துள்ள கார்டுகளைத் தவிர மற்றவற்றில், பொதுவாகச் சலுகை கிடையாது. சேர்க்கப்படும் 1 விழுக்காடு கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். மின்சாரம், தொலைபேசி போன்ற பில்களையும் பல வங்கிகள் சலுகைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன அல்லது பெயரளவுக்கு வைத்திருக்கின்றன. ஆகவே உங்களுக்குச் சலுகை தரக்கூடிய செலவு சூப்பர் மார்க்கெட்டின் 3,000, இணையத்தின் 2,500, ஆக 5,500 ரூபாய் மட்டுமே.

கட்டணமுள்ள கார்டில் இதற்கு மாதம் 30 ரூபாயும் 125 ரூபாயும் சேர்ந்து 155 ரூபாய், ஆண்டுக்கு 1,860 ரூபாய் கிடைக்கும். ஆண்டுக் கட்டணம் 999 என்று சொல்லும்போது அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு என்பதைத் தொலைபேசியில் எவரும் சொல்வதில்லை. அதைச் சேர்த்தால் சுமார் 1,179 ரூபாய். கையில் நிற்பது 681. கட்டணமில்லாத கார்டில் மாதம் 30 ரூபாயும் 75 ரூபாயும் சேர்ந்து 105, ஆண்டுக்கு 1,260 ரூபாய். 5 விழுக்காட்டைவிட 3 விழுக்காடு உங்கள் வீட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தருகிறது. 2 லட்சம் செலவழித்தால் கட்டணம் இல்லை என்கிறார்களே என்றால், பெட்ரோலையும் பில்களையும் சேர்த்தாலும் உங்கள் கார்டுச் செலவு ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைத் தாண்டாது. மீதியை எட்டிப் பிடிப்பதற்காக வேண்டாத பொருளை வாங்கத் தொடங்குவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த நிபந்தனையே வைக்கப்படுகிறது.

ஆகவே வாங்குவதென்றால் கட்டணமில்லாததை வாங்குங்கள். 3 விழுக்காடு எந்த இணையக் கடைக்கு, மாதத்துக்கு எவ்வளவு வரை, சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமா என்பதை விண்ணப்பத்துடன் தரும் ‘மிக முக்கிய நிபந்தனைகள்’ தாளில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். திரும்பக் கிடைப்பது பணமாகப் பில்லில் கழிக்கப்படுகிறதா, புள்ளிகளாகச் சேர்கிறதா என்பதையும் பாருங்கள். 1 ரூபாய் மதிப்புள்ள புள்ளி அரிது; பல கார்டுகளில் ஒரு புள்ளி 20 அல்லது 25 பைசாதான். 100 ரூபாய்க்கு 2 புள்ளி என்று பெரிதாக அச்சிட்டிருந்தால், அது அரை விழுக்காடு என்று பொருள்.

அடுத்து, பில் வரும்போது அதில் இரண்டு தொகைகள் அருகருகே இருக்கும். ஒன்று ‘செலுத்த வேண்டிய மொத்தத் தொகை’, மற்றொன்று ‘குறைந்தபட்சத் தொகை’. 8,000 ரூபாய் பில்லில் இரண்டாவது தொகை 400 ரூபாய் என்று இருக்கும். அதைக் கட்டினால் தாமதக் கட்டணத்திலிருந்துதான் தப்பலாம், வட்டியிலிருந்து தப்ப முடியாது. மாதத்துக்கு 3.5 விழுக்காடு என்பது பல கார்டுகளில் காணப்படும் வட்டி, அதாவது ஆண்டுக்கு 42 விழுக்காடு. மிச்சம் வைத்த 7,600 ரூபாய்க்கு மட்டும் வட்டி போடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஒவ்வொரு பொருளும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும், பாக்கி முழுவதும் தீரும் வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாள்கள் கிடையாது. ஒரே ஒரு மாதம் இப்படி நேர்ந்தால் வட்டியும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 400 ரூபாய் அளவுக்குப் போய்விடும். மாதம் 105 ரூபாய் வீதம் நீங்கள் நான்கு மாதம் சேர்த்தது அது. கார்டு வந்தவுடன் மொத்தத் தொகையும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளப்படும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் படிவத்திலும் ‘குறைந்தபட்சம்’, ‘மொத்தம்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், கவனம் தேவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எம்.சி. ரோட்டிலோ சௌகார்பேட்டையிலோ பண்டிகைக்குத் துணி எடுக்கும்போது, ரொக்கம் என்றால் விலையில் குறைத்துத் தருகிற கடைகளும், கார்டு என்றால் 2 விழுக்காடு சேர்த்துக் கேட்கிற கடைகளும் உண்டு. அங்கே 1 விழுக்காட்டுக்காகக் கார்டை நீட்டுவதைவிடப் பேரம் பேசுவதே மேல்.

காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறேன். தனியார் வங்கியில் சேமிப்புக் கணக்கு. மாதச் சராசரி 10,000 ரூபாய் இருக்க வேண்டும் என்கிறார்கள். சீசனில் ஒரே நாளில் லட்சம் ரூபாய் புரளும். மீன்பிடித் தடைக்காலத்தில் கணக்கு காலியாகிவிடும். அபராதம் என்று தொடர்ந்து பிடிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகர், காசிமேடு

‘சராசரி’ என்பதை விளக்காமலேயே கணக்கைத் தொடங்கி வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் அனுபவம். தினமும் 10,000 ரூபாய் இருக்க வேண்டும் என்பதல்ல அதன் பொருள். ஒவ்வொரு நாளும் இரவில் கணக்கில் நிற்கும் தொகையைக் கூட்டி, மாதத்தின் நாள்களால் வகுப்பார்கள். 30 நாள் மாதத்தில் கூட்டுத்தொகை 3 லட்சம் வந்தால் போதும். 1 லட்சம் ரூபாய் மூன்று இரவுகள் கணக்கில் நின்றிருந்தாலே, மற்ற 27 நாள்கள் ஒன்றுமில்லாவிட்டாலும் அந்த மாதத்துக்கு அபராதம் இல்லை. ஏலப் பணம் வந்த அன்றே முழுவதையும் எடுத்துப் படகுக்காரருக்கும் ஐஸ் கம்பெனிக்கும் கொடுத்துவிடாமல், கொடுக்கும் நாளைச் சற்றுத் தள்ளிப் போட முடிந்தால் சீசன் மாதங்கள் சரியாகிவிடும்.

ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் இந்த வழி உதவாது. அதனால் கணக்கையே மாற்றுவதுதான் நல்லது. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையை நீக்கிவிட்டது. கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025 இல் அபராதத்தைக் கைவிட்டன. இவை தவிர, ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ என்று ஒன்றை எல்லா வங்கிகளும், தனியார் வங்கிகள் உட்பட, கேட்பவருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் இருப்பு நிபந்தனை எதுவும் இல்லை, ஏ.டி.எம். கார்டும் இலவசம். ஆனால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது. இலவசமாகப் பணம் எடுக்கும் தடவைகளுக்கும் வரம்பு உண்டு என்பதால், நாள்தோறும் பணம் எடுக்கும் உங்களுக்கு முதலில் சொன்ன சாதாரணக் கணக்கே வசதி.

இதுவரை பிடித்த அபராதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருப்பு குறைந்துவிட்டது என்று முன்கூட்டியே தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாத அவகாசம் கொடுத்த பிறகே அபராதம் விதிக்க வேண்டும். எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதத்தில்தான் அபராதமும் இருக்க வேண்டும். அபராதத்தினாலேயே கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது. இவற்றில் எது மீறப்பட்டிருந்தாலும் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வியாபாரப் பணம் இந்த அளவுக்குப் புரள்வதால் நடப்புக் கணக்கு தொடங்குங்கள் என்று எந்த வங்கியும் உங்களிடம் சொல்லக்கூடும். நடப்புக் கணக்கில் வட்டி கிடையாது, பெரும்பாலும் இருப்பு நிபந்தனையும் அதிகம்; அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

யு.பி.ஐ.யில் ரூபே கிரெடிட் கார்டை இணைத்தால் அண்ணாச்சி கடையிலும் புள்ளி சேருமா?
— வாசகர், திருவொற்றியூர்

2022 முதல் அந்த வசதி இருக்கிறது. கடைக்காரர் வைத்திருப்பது வணிகர்களுக்கான கியூ.ஆர். அட்டையாக இருந்தால் பணம் செல்லும். தம்முடைய சொந்தக் கணக்கின் கியூ.ஆரை ஒட்டி வைத்திருந்தால் செல்லாது. சில கார்டுகள் யு.பி.ஐ. செலவுக்குக் குறைவாகவே புள்ளி தருகின்றன, சில எதுவுமே தருவதில்லை. டீக்கும் வாழைப்பழத்துக்கும் கடனட்டையைப் பயன்படுத்தினால் மாதக் கடைசியில் பில்லில் நூறு வரிகள் இருக்கும், எதை எங்கே செலவழித்தோம் என்று உங்களுக்கே தெரியாது. எனக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை.

முதல் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தேன். சிபில் மதிப்பெண் இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். கடனே வாங்காதவனுக்கு மதிப்பெண் எங்கிருந்து வரும்?
— வாசகர், வியாசர்பாடி

நியாயமான கேள்விதான், தம்பி. 300 முதல் 900 வரை உள்ள அந்த மதிப்பெண் கடனைத் திருப்பிக் கட்டிய வரலாற்றை வைத்து வருவது. வரலாறு இல்லாதவருக்கு நிரந்தர வைப்பின் பேரில் தரப்படும் கார்டு ஏற்றது. ஒரு சிறிய தொகையை வைப்பாகப் போட்டால், அதன் ஒரு பகுதியைக் கடன் வரம்பாகக் கொண்ட கார்டு கிடைக்கும். வைப்புக்கு வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். கைப்பேசி ரீசார்ஜ் போல ஒன்றிரண்டு செலவை மட்டும் அதில் செய்து, முழுத் தொகையையும் தவறாமல் கட்டி வாருங்கள். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. நிராகரிக்கப்பட்ட கையோடு அடுத்தடுத்த வங்கிகளில் விண்ணப்பிப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் பதிவாகும். அந்த அறிக்கையை ஒவ்வொரு மதிப்பீட்டு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறலாம். பணம் கேட்கும் தரகர்களிடம் போக வேண்டியதில்லை.

கடையில் கார்டைத் தேய்த்து ரொக்கமாகத் தருவதாகவும், 2 விழுக்காடு கமிஷன் போதும் என்றும் ஒருவர் சொல்கிறார். ஏ.டி.எம்.மில் கார்டு மூலம் எடுப்பதைவிட மலிவாக இருக்கிறதே?
— வாசகர், கொடுங்கையூர்

வேண்டாம். நடக்காத விற்பனைக்குப் பில் போடுவது அது. வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கும். ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போட்டு எடுப்பதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி உண்டு. பணம் தேவையென்றால் நகைக் கடனுக்கான வட்டி இவை இரண்டையும்விட வெகுவாகக் குறைவு.

ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணியில் இருந்தபோது வாங்கிய மூன்று கார்டுகள் உள்ளன. ஒன்றில் 14,000 புள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. ஓய்வூதியக் கணக்கில் 6 லட்சம் ரூபாய் அப்படியே இருக்கிறது. கார்டுகளை வைத்துக்கொள்வதா, ஒப்படைப்பதா?
— வாசகர், பெரம்பூர்

கார்டுகளைவிட அந்த 6 லட்சம்தான் என் கண்ணை உறுத்துகிறது, ஐயா. ஸ்டேட் வங்கியில் சேமிப்புக் கணக்குக்கு 2025 ஜூன் முதல் ஆண்டுக்கு 2.5 விழுக்காடுதான் வட்டி. மூத்த குடிமக்களுக்கு நிரந்தர வைப்பில் 6.5 விழுக்காடு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, 5 லட்சத்தை மாற்றினால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் கூடுதலாக வரும். எந்தக் கார்டும் உங்களுக்கு இவ்வளவு தராது. அவசரத்துக்குக் கையில் பணம் வேண்டும் என்ற தயக்கம் இருந்தால், குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருப்பது தானாக வைப்பாக மாறி, தேவைப்படும்போது தானாக உடையும் கணக்கைக் கேளுங்கள். வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் என்பதால், ஒரு பகுதியை வேறு வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைப்பதும் தகும். நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதை அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

14,000 புள்ளி என்பது 25 பைசா வீதம் 3,500 ரூபாய். பெரும்பாலான கார்டுகளில் இரண்டு, மூன்று ஆண்டுகளில் புள்ளிகள் காலாவதியாகும்; கார்டை ஒப்படைத்தாலும் போய்விடும். எனவே முதலில் புள்ளிகளைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். பரிசுப் பொருள் பட்டியலில் காட்டும் சூட்கேஸ், கடிகாரம் ஆகியவற்றைக் கடை விலையோடு ஒப்பிட்டால் புள்ளியின் மதிப்பு அதிலும் குறைந்திருப்பது தெரியும். அதன் பிறகு ஆண்டுக் கட்டணம் இல்லாத, மிகப் பழைய கார்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒப்படையுங்கள். பாக்கியைக் கட்டி முடித்து, எழுத்து மூலம் கேட்டால் 7 வேலை நாள்களுக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்று 2022 ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். புதிய சலுகை தருகிறோம், முடிக்க வேண்டாம் என்று வாடிக்கையாளர் சேவையிலிருந்து நிச்சயம் அழைப்பார்கள். கோரிக்கை எண்ணை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடலாம்.