தாடை கெட்டி

வணக்கம் சார்,

1974-ல் அலியும் ஃபோர்மனும் மோதிய கின்ஷாசா சண்டையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து நண்பர்களோடு ஒரே வாக்குவாதம். முகமது அலி மொத்தம் 61 சண்டை போட்டிருக்கிறார். அடி தாங்காமல் பாதியில் நிறுத்தப்பட்டது ஒன்றே ஒன்று. லிஸ்டன், ஃபோர்மன், ஷேவர்ஸ் என்று குத்துக்குப் பேர்போனவர்களால்கூட அவரைப் படுக்க வைக்க முடியவில்லை. ஃப்ளாய்ட் பேட்டர்சன் மாதிரி, குத்து பட்டால் சட்டென்று விழுந்துவிடுகிற கண்ணாடித் தாடைக்காரர்களைப் பார்க்கும்போது, வரலாற்றிலேயே கெட்டியான தாடை அலிக்குத்தான் என்று சொல்லிவிடலாமா? ஜோ ஃப்ரேசரை எங்கே வைப்பது? அந்தக் காலத்து கிளவுஸையும் கணக்கில் எடுக்க வேண்டுமா? நானும் ஒன்றரை வருடமாக பாக்ஸிங் கற்கிறேன். எனக்கும் தாடை கெட்டி என்கிறார் கோச். பெரிய பையன்களுக்கு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார். அன்றைக்கு இரவு மட்டும் தலை கனமாக இருக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

ஒரு வாசகர், சயான் கோலிவாடா

அன்புள்ள தம்பி,

கிளவுஸ் விஷயத்தை விடுங்கள், அதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. பேட்டர்சனைக் கண்ணாடித் தாடை என்று எழுதியதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். 1959-ல் யோஹான்சன் அவரை மூன்றாவது ரவுண்டில் ஏழு முறை தரையில் தள்ளினார். ஏழாவது முறை நடுவர் நிறுத்தினார். அதற்கு முன் ஆறு முறை எழுந்து நின்றவர் பேட்டர்சன். அடுத்த வருடமே அதே ஆளை நாக்அவுட் செய்து பட்டத்தைத் திரும்ப வாங்கினார். ஹெவிவெயிட்டில் அதுவரை யாருமே செய்யாத காரியம். விழுந்ததை எண்ணுகிறவர்கள் எழுந்ததையும் எண்ண வேண்டாமா?

சரி, அலி. விழுந்த கணக்கை வைத்துத் தாடையை அளக்க முடியாது என்பதற்கு அவரே சாட்சி. தாடையின் பக்கவாட்டில் ஒரு ஹூக், அதாவது கையை வளைத்து வீசும் குத்து, விழுந்தால் தலை சட்டென்று திருகும். மண்டை ஓடு திரும்பிவிடும், உள்ளே மூளை ஒரு கணம் பின்தங்கும். நினைவு தப்புவது அந்தத் திருகலில்தான். குத்து வருவதைக் கண் பார்த்துவிட்டால் கழுத்து தானாக இறுகும், தலையும் குத்தோடு சேர்ந்து விலகும், பாதி வேகம் காற்றில் போய்விடும். அலி பின்னால் சாய்ந்து சாய்ந்து செய்தது அதைத்தான். 1963-ல் ஹென்றி கூப்பரும் 1971-ல் ஃப்ரேசரும் அவரை விழவைத்தது இடது ஹூக்கில். ஃப்ரேசர் விழவைத்தது பதினைந்தாவது ரவுண்டில். பத்தில் பாதி எண்ணுவதற்குள் அலி எழுந்துவிட்டார்.

1967 வரை அவர் தாடை எப்படி என்று யாருக்குமே சரியாகத் தெரியாது. அதுவரை உலகம் பார்த்தது அவருடைய கால்களை. அமெரிக்க ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அவருடைய இருபத்தைந்து வயதில் லைசென்ஸைப் பிடுங்கினார்கள். 1970 அக்டோபரில் திரும்பி வந்தபோது அவருக்கு இருபத்தெட்டு. கால்களில் பழைய வேகம் இல்லை. முன்பு விலகிப்போன குத்துகள் இப்போது வந்து விழுந்தன. விழுந்தும் தன்னால் நிற்க முடிகிறது என்பதை அலி அப்போதுதான் கண்டுபிடித்தார். அதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று நான் நினைக்காத வருடமில்லை. அதற்கப்புறம் பயிற்சிக்கூடத்திலும் ஸ்பாரிங் ஆட்களிடம் உடம்பைக் கொடுத்து நின்றார், அடி வாங்கிப் பழகினால் தாங்கும் சக்தி வளரும் என்று. உங்கள் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: ஆமாம், அலியைப் போல அடி தாங்கியவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

இப்போது உங்கள் கடைசி வரிகளுக்கு வருகிறேன். அவற்றை மூன்று முறை படித்தேன்.

தாராவியில் எங்கள் சாலில், அதாவது வரிசை வீடுகளில், கடைசிக் குடித்தனத்தில் ஒரு அண்ணன் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை. சாயங்காலம் மாஹிமில் ரயிலேறி பாம்பே சென்ட்ரலில் இறங்கி நாக்பாடாவில் இருந்த பாக்ஸிங் கூடத்துக்கு நடப்பார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போவேன். எனக்குப் பத்து வயது. அவர் கையில் துணிப்பட்டையைச் சுற்றுவது என் வேலை. கட்டை விரலில் மாட்டி, மணிக்கட்டை மூன்று சுற்று, அப்புறம் விரல் முட்டிகளின் மேல். நேற்றைய வியர்வை காய்ந்து பட்டை மொடமொடவென்று இருக்கும். அங்கே அவருக்குப் பெயர் 'பத்தர்'. கல் என்று அர்த்தம். போட்டிக்குப் போகிற பையன்கள் எல்லாரும் அவர்மேல்தான் குத்திப் பழகுவார்கள். ஒருவன் மாற்றி ஒருவன். அவர் விழமாட்டார். "விழல, விழல!" என்று கைதட்டிக் கத்துவேன். திரும்பும்போது எனக்கு வடாபாவ் வாங்கித் தருவார். சில நாள் ரயிலில் நெற்றியை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டு பேசாமல் வருவார். "லேசா தலை கனம்டா, தூங்கினா சரியாயிரும்" என்பார்.

நீங்கள் எழுதிய அதே வார்த்தைகள் தம்பி.

1980 தொடக்கத்தில் அலி மெட்ராசுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை. அண்ணன் போகத் துடித்தார், லீவு கிடைக்கவில்லை. எம்.ஜி.ஆரோடு அலி நிற்கிற படத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்து, சோற்றுப் பருக்கை தடவிச் சுவரில் ஒட்டினார். அந்தப் படத்தில் அலி சிரிக்கிறார். அதே வருடம் அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார். நீங்கள் குறிப்பிட்ட அந்த 'ஒன்றே ஒன்று' இதுதான். ஹோம்ஸ் யார் தெரியுமா? ஒரு காலத்தில் அலிக்கு ஸ்பாரிங் கொடுத்த பையன். மூன்று வருடம் முன்பு ஷேவர்ஸ் சண்டை முடிந்ததுமே, இனி வேண்டாம் என்று சொன்ன அலியின் டாக்டர் பச்சேகோ, யாரும் கேட்காததால் விலகிப் போயிருந்தார். ஹோம்ஸுக்குப் பிறகும் அலி இன்னொரு சண்டை போட்டார். 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள்.

விழுந்தவராவது தப்பினாரா என்றால் அதுவும் இல்லை. பேட்டர்சன் நியூயார்க் மாநிலத்தின் பாக்ஸிங் ஆணையத் தலைவராக இருந்தார். 1998-ல், ஞாபகம் தப்புகிறது என்று பதவியை விட்டார். தலையில் அடி வாங்கிய குத்துச்சண்டைக்காரர்கள் தள்ளாடுவதையும் குழறுவதையும் பற்றி மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1928-லேயே எழுதிவிட்டார். கிட்டத்தட்ட நூறு வருடம். உங்கள் கோச் பிறப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம்!

அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதிலேயே கை நடுங்க ஆரம்பித்தது. அண்ணி டீயை டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்றமாட்டார். அதையும் இரண்டு கையால் பிடித்துத்தான் குடிப்பார். தொண்ணூறு அடி ரோட்டுக்குப் போய்விட்டு எங்கள் சந்துக்குத் திரும்ப வழி தெரியாமல் நிற்பார், யாராவது கூட்டிவருவார்கள். என்னைப் பார்த்தால் "பட்டை கொண்டாந்தியாடா?" என்று கேட்பார். நான் கைதட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

மூட்டை தூக்கினால் தோளில் காய்ப்பு காய்க்கும். மூளைக்குக் காய்ப்பு காய்க்காது. உங்கள் தாடை கெட்டி என்று சொல்கிறவர், உங்களைக் கீழே விழாத மூட்டையாக நிறுத்தி மற்ற பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அதைப் பாராட்டு என்று நினைத்து எனக்குப் பெருமையாகக் கடிதம் எழுதுகிறீர்கள்! ஒன்றரை வருடத்தில் தலையை விலக்க எத்தனை முறை சொல்லிக்கொடுத்தார்? எத்தனை முறை, போதும், உட்கார் என்றார்? 1975-ல் மணிலாவில் பதினான்கு ரவுண்டுக்குப் பிறகு ஃப்ரேசர் எழுந்து போகத் தயாராக இருந்தார். கண்கள் வீங்கி மூடியிருந்தன. எடி ஃபட்ச், அவருடைய கோச், தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மீதி மூன்றே நிமிடம். அந்த மூன்று நிமிடத்தைத் தராத ஆள்தான் கோச்.

ஸ்பாரிங் முடிந்த இரவில் தலை கனப்பது களைப்பு இல்லை தம்பி, மூளை அதிர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். அது ஆறுவதற்குள் அடுத்த அடி விழுந்தால் ஆபத்து பல மடங்கு. இந்த வாரம் ஸ்பாரிங் வேண்டாம். நரம்பியல் டாக்டர் ஒருவரைப் பாருங்கள். எத்தனை மாதமாகத் தலை கனக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் ஸ்பாரிங் என்று மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் அம்மாவிடமும் சொல்லுங்கள், நிச்சயம் நீங்கள் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

போய்வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். ஃப்ரேசரை எங்கே வைப்பது என்று அப்புறம் பேசலாம்.