விடுப்பிலும் விடாத அழைப்பு

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை. முறைப்படி விடுப்பு எடுத்து ஊருக்குப் போனாலும், “அரை மணி நேரம் லேப்டாப்பைத் திறங்க” என்று மேலாளர் தினமும் அழைக்கிறார். மறுக்கலாமா?

பதில்: தாராளமாக. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி, ஓராண்டுத் தொடர் பணிக்குப் பின் ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை உரிமை; 24 நாள் வரை சேர்த்தும் வைக்கலாம். நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் போன்ற சிலருக்கு இது பொருந்தாது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 2024-ல் வந்ததுபோல், வேலை நேரத்துக்குப் பிந்தைய அழைப்பை மறுக்கும் தனி உரிமை இங்கே இல்லை. அதனால் முன்னேற்பாடுதான் கைகொடுக்கும்.

பெரும்பாலான அழைப்புகள் வருவது, விவரம் உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பதால். ஒரு வாரம் முன்பே ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்: நிலுவை வேலை, கோப்பு இருக்குமிடம், யாரைக் கேட்பது. கடவுச்சொல்லைத் தராதீர்கள், பொறுப்பேற்பவருக்குத் தனி அனுமதி வாங்கிக் கொடுங்கள். இரண்டு நாள் முன்பு அவரையே செய்யவிட்டுப் பாருங்கள். விடுபட்டது அப்போது தெரியும். தானியங்கி மின்னஞ்சல் பதிலில் அவர் பெயர் இருக்கட்டும். “அவசரமென்றால் அழைக்கவும்” என்று மட்டும் எழுதாதீர்கள், எல்லாமே அவசரமாகிவிடும்.

மீறி வேலை செய்ய நேர்ந்தால், அன்றே மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: “இன்று இத்தனை மணி நேரம் இந்த வேலை செய்தேன், இந்நாளை விடுப்புக் கணக்கில் திரும்பச் சேர்க்கவும்.” வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது.