கேள்வி பதில்: கறுப்புக் கல்லும் ஈயச்சொம்பும்

கேள்வி: கல் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. கரோல் பாக் பக்கம் ஒரு கடையில், 'காசிட்டரைட், பொலிவியா கல்' என்று சொல்லி, கறுப்பாக மின்னும் ஒரு படிகத்தை 3,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நண்பரோ இது வெறும் டூர்மலின் என்கிறார். வீட்டிலேயே சோதிக்க முடியுமா?
(வாசகர், ஆர்.கே.புரம்)

பதில்: கையில் எடுத்தவுடனே "அட, இத்தனூண்டு கல் இவ்வளவு கனமா!" என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் பாதிக் கவலை போச்சு. காசிட்டரைட் என்பது டின் ஆக்சைடு, அதாவது வெள்ளீயத்தின் முக்கியத் தாது. தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட 7 மடங்கு அடர்த்தி. டூர்மலின் 3-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

சமையலறை எலக்ட்ரானிக் தராசில் முதலில் கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல் முழுக்க மூழ்கும்படி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு எவ்வளவு காட்டுகிறதோ அதனால் முதல் எடையை வகுக்க வேண்டும். 70 கிராம் கல்லுக்குத் தராசு 10 காட்டினால் விடை 7, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 23 காட்டினால் நண்பர் சொன்னதுதான் சரி. அடியில் வெள்ளைக் குவார்ட்ஸ் ஒட்டியிருந்தால் மட்டும் கணக்கு குறைத்துக் காட்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டங்ஸ்டன் உலோகத்தின் தாதுவான வுல்ஃப்ரமைட்டும் ஏறக்குறைய இதே கனம்தான், அங்கேதான் ஏமாறுவோம். மெருகில்லாத ஓட்டின் பின்புறத்தில் ஓர் ஓரத்தை உரசிப் பாருங்கள். காசிட்டரைட் கறுப்பாக இருந்தாலும் பொடி வெளுப்பாகத்தான் வரும், வுல்ஃப்ரமைட்டில் பழுப்போ கறுப்போ வரும். முழங்கை மடங்கியது போல இரண்டு படிகம் ஒட்டி வளர்ந்திருந்தால் அது காசிட்டரைட்டின் பெயர்பெற்ற அடையாளம், அதற்காகவே கூடுதல் விலை கேட்பார்கள். ஆனால் பொலிவியா கல்தானா என்பதை இந்தச் சோதனை எதுவும் சொல்லாது. கல் எங்கே கிடைத்தது என்று எழுதிய பழைய சீட்டு கடைக்காரரிடம் இருந்தால் கேட்டு வாங்கி, கல்லோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: ஹரியானாவில் தோஷாம் மலையில் வெள்ளீயத் தாது இருக்கிறதாமே, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பொறுக்கலாமா?
(வாசகி, மயூர் விஹார்)

பதில்: இருப்பது உண்மை. பிவானி மாவட்டம், டெல்லியிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். ஆனால் அங்கே தாது பாறைக்குள் பொடிப்பொடியாகக் கலந்து கிடக்கிறது, அலமாரியில் வைக்கிற மாதிரிப் படிகம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அனுமதியில்லாமல் உடைத்து எடுப்பதும் தப்பு. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் பழங்குடி மக்கள் ஓடை மணலை அலசியே இந்தத் தாதுவைப் பிரிக்கிறார்கள். மணல் அடித்துக்கொண்டு போய்விடும், இது கனத்தால் அடியில் தங்கிவிடும்.

கேள்வி: அம்மாவின் ஈயச்சொம்பும் இதிலிருந்து வந்ததுதானா?
(அதே வாசகி)

பதில்: ஆமாம், நல்ல ஈயச்சொம்பு என்றால் வெள்ளீயம், காரீயம் இல்லை. 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே, ரசத்தை ஊற்றிவிட்டு ஏற்று என்று அம்மா கத்துவது.